நீங்க எந்த சபை?

திருநெல்வேலிக்குத் தெற்கே ஓடும் பஸ் ஒன்றில் பக்கத்து சீட்காரர் மடியில் கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் இருந்தால் போதும். பத்து நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். முதலில் பேரு. அப்புறம் ஊரு. அதற்கப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்த சபை?"

பதிலைப் பொறுத்து எதிராளியின் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? "சி.எஸ்.ஐ." என்றால் பெந்தெகொஸ்தேக்காரர் முகத்தில் ஒரு பரிதாபம். பாவம், பேர்க் கிறிஸ்தவர், இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்று அர்த்தம். "பெந்தெகொஸ்தே" என்றால் சி.எஸ்.ஐ.காரர் உதட்டில் ஒரு சிரிப்பு. ஓ, அந்தக் கைதட்டுகிற கூட்டமா என்று அர்த்தம். "ஆர்.சி." என்று சொல்லிவிட்டால் இருவருமே சேர்ந்து மௌனமாகிவிடுவார்கள். (அந்த ஒரு இடத்தில் மட்டும் அபாரமான ஒற்றுமை!)

பஸ்ஸோடு முடிந்துபோகிற விஷயம் என்றால் சிரித்துவிட்டு விடலாம். முடிவதில்லை. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பெண் வேறு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள் என்று தெரிந்தால் ஓலை நின்றுபோகிறது. பிள்ளையாக இருந்தபோது கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் முடித்து, நாற்பது வருடம் சந்தா கட்டிய ஒரு பாட்டி, கடைசிக் காலத்தில் மகளோடு ஜெபக்கூடத்துக்குப் போய் தண்ணீரில் முழுகி எழுந்தார் என்பதற்காக, அவர் இறந்த அன்று கல்லறைத் தோட்டத்தின் கேட் முன்னால் கமிட்டிக்காரர்கள் நின்று கணக்குப் பேசுகிறார்கள். சவப்பெட்டி வெயிலில் காத்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? புதிதாக வருகிற ஒருவர் முன்பு பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்து, அவர் அம்மா அப்பாவின் விசுவாசத்தையே செல்லாக்காசாக்கிவிட்டுத்தான் அப்பத்தை நீட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 44 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 6.12 சதவீதம். இந்த ஆறு சதவீதத்துக்குள் இத்தனை சுவர்கள்!

சரி, இந்தச் சுவர்கள் எங்கிருந்து வந்தன? வேதத்தை ஆராய்ந்து, உபவாசமிருந்து, இதுதான் சத்தியம் என்று கண்டுபிடித்து அவரவர் அவரவர் சபைக்குப் போனார்களா? அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு பழைய மிஷன் வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் ஒன்றின் எல்லையில் இன்னொன்று புகுந்துவிடாமல் இருக்க ஊர்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. மதுரைப் பக்கம் அமெரிக்கன் போர்டுக்கு. அதனால் மதுரைக்காரர் காங்கிரிகேஷனலிஸ்ட். வேலூர், ஆற்காடு பக்கம் அமெரிக்காவின் டச்சு சீர்திருத்த சபைக்கு. அதனால் வேலூர்க்காரர் ரிஃபார்ம்டு. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷனுக்கு. நெல்லை ஆங்கிலிக்கனுக்கு. காவிரிக் கரையில் லுத்தரனும் மெதடிஸ்டும். ஒருவருடைய தாத்தா எந்த ஊரில் பனை ஏறினார், எந்த ஊரில் நெசவு நெய்தார் என்பதுதான் பேரனின் "உபதேசத்தை" முடிவு செய்திருக்கிறது. நாங்குநேரியில் பிறந்தவர் ஆங்கிலிக்கன், அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளித் தோவாளையில் பிறந்திருந்தால் காங்கிரிகேஷனல். இதற்குப் பெயர் இறையியல் அல்ல, பூகோளம்.

நெல்லையின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே இருந்தது ஒரே ஆங்கிலிக்கன் சபை. ஆனால் இரண்டு சங்கங்கள், சி.எம்.எஸ். ஒன்று, எஸ்.பி.ஜி. இன்னொன்று. ஒன்று எளிமையான ஆராதனைக்காரர்கள், இன்னொன்று சடங்கு சம்பிரதாயக்காரர்கள். 1877-ல் திருநெல்வேலிக்கு உதவி அத்தியட்சர் தேவைப்பட்டபோது ஒருவரை நியமித்தால் போதாதா? போதவில்லை. எஸ்.பி.ஜி.க்கு கால்டுவெல், சி.எம்.எஸ்.ஸுக்கு சார்ஜென்ட் என்று ஒரே மாவட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு பேர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி இத்தனை மொழிகளுக்கும் ஒரே தாய் என்று காட்டிய அதே கால்டுவெல்தான். ஒரே ஜெபப்புத்தகம் வைத்திருந்த இரண்டு சங்கங்களை ஒன்றாக்குவது அதைவிடக் கடினம் போலும்.

அதற்கும் முன்னால் ரேனியஸ். ஜெர்மன்காரர், லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், வேலை பார்த்ததோ ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ்.ஸில். 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்து ஊர் ஊராகச் சபைகளை உண்டாக்கினார், தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார். அவர் உண்டாக்கிய சபைகளில் யாரும் அவரை நீ லுத்தரனா ஆங்கிலிக்கனா என்று கேட்கவில்லை. லண்டனில் கேட்டார்கள். உபதேசியார்களுக்கு யார் பட்டம் கொடுப்பது, இங்கிலாந்தின் ஜெபமுறை சரியா தவறா என்ற சண்டையில் 1835-ல் அவரை விலக்கினார்கள். நெல்லைச் சபைகள் இரண்டாகப் பிளந்தன. இங்கிலாந்து அத்தியட்சர் முறை பற்றி ஒரு வரி கூடத் தெரியாத கிராமங்களில், ஒரே தெருவில், அண்ணன் ஒரு கோயிலும் தம்பி ஒரு கோயிலும் போனார்கள். ரேனியஸ் 1838-ல் இறந்தார். அதற்குப் பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. சண்டை ஐரோப்பாவுடையது, பிளந்தது தமிழ்க் குடும்பம்.

வார்த்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரே கடவுளுக்கு ஆர்.சி. வீட்டில் சருவேசுரன், லுத்தரன் வீட்டில் பராபரன், மற்ற புராட்டஸ்டன்ட் வீடுகளில் தேவன். அங்கே சேசு, இங்கே இயேசு. ஜெபிக்க வாயைத் திறந்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். 1871-ல் எல்லா புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பவர் ஐயர் தலைமையில் ஐக்கிய மொழிபெயர்ப்பு என்றே பெயர் வைத்து ஒரு வேதாகமம் வந்தது. லுத்தரன்கள் அதன் பிறகும் பெப்ரீசியஸின் மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். அது பெரும்பாலான புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் இன்னும் பீடத்துக்கு ஏறவில்லை. அது "அவங்க பைபிள்" ஆகிவிட்டது. வீரமாமுனிவர் லுத்தேரினத்தியல்பு என்று எழுதித் தரங்கம்பாடிக்காரர்களைத் தாக்கினார், அவர்கள் திருச்சபை பேதகம் என்று எழுத, இவர் பேதகமறுத்தல் என்று திருப்பி எழுதினார். தமிழ் உரைநடைக்கு இந்தச் சண்டையால் நல்ல லாபம்தான், மறுப்பதற்கில்லை. திருச்சபைக்கு என்ன லாபம் என்பதுதான் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய அதே கடற்கரை ஊர். முப்பத்து மூன்று குருமார்கள் கூடினார்கள். இரண்டே இரண்டு பேர்தான் வெள்ளைக்காரர்கள். ஆங்கிலிக்கன்கள் ஒரு பக்கம், 1908-லேயே காங்கிரிகேஷனலிஸ்ட்களும் பிரெஸ்பிட்டேரியன்களும் இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினர் இன்னொரு பக்கம். அதில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனவர். அந்தக் கூட்டத்தின் அறிக்கை மிகச் சுருக்கமாக ஒரு விஷயத்தைச் சொன்னது: இந்தப் பிரிவுகள் இங்கே முளைத்தவை அல்ல, வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை. இவற்றை நிலைநிறுத்தவும் இங்கே யாருக்கும் ஆசையில்லை.

அசரியா 1927-ல் லோசான் மாநாட்டில் ஐரோப்பியர்கள் முன்னால் இதையே இன்னும் உறைப்பாகச் சொன்னார். பிரிவினை மேற்கு நாடுகளுக்கு ஒரு பலவீனமாக இருக்கலாம், மிஷன் களத்தில் அது பாவம், இடறல் என்பது அவர் வாதம். அவருக்கு அது புத்தகத்தில் படித்த பிரச்சினை அல்ல. தோர்ணக்கலில் மாலா, மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஊரால் ஒதுக்கப்பட்டு வந்தவர்களிடம், நீ இந்த மேஜைக்கு வரலாம், அந்த மேஜைக்கு வரக்கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

பேச்சுவார்த்தை 28 வருடம் இழுத்தது. அத்தியட்சர் வேண்டும் என்ற சபைகளும், அத்தியட்சர் என்றாலே அலர்ஜியான சபைகளும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை இன்றைய சபைத் தலைவர்கள் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது சந்தேகமே. இனிமேல் நடக்கும் குருப்பட்டங்கள் அத்தியட்சர் கையால் நடக்கும். ஆனால் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள், அத்தியட்சர் கை தலையில் படாதவர்களும்கூட, மறுபடி பட்டம் பெறாமலே முழுமையான குருமார்களாக ஏற்கப்படுவார்கள். அவர்களை ஏற்க மனச்சாட்சி இடம் தராத ஒரு சபை இருந்தால், அந்தச் சபையின் மேல் அவர்களைத் திணிக்கவும் மாட்டார்கள். முப்பது வருடம் இந்த ஏற்பாடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதாவது, முதலில் எல்லாவற்றிலும் கருத்து ஒத்துப்போகட்டும், பிறகு சேரலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் சேர்ந்து பந்தியில் உட்காருவோம், கருத்து பின்னால் வரட்டும் என்றார்கள்.

உலகம் சும்மா இருக்குமா? 1943-ல் லண்டனில் இருந்த டி.எஸ். எலியட், ஆமாம், அந்தக் கவிஞரேதான், இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு பிரசுரமே வெளியிட்டார். அழித்து ஒன்றாக்குவது என்ற அர்த்தத்தில் அதற்குத் தலைப்பு. மதுரையில் ஒரு போதகர் தலையில் யார் கை வைத்தார்கள் என்பது லண்டன் கவிஞருக்கு அத்தனை பெரிய கவலை! அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார், இணைப்பைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் வந்து 43ஆம் நாள், வடக்கே தேசம் மதத்தின் பெயரால் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை மூன்றும் ஒரே தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அன்று பேராயராக அபிஷேகம் பெற்றவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின், 37 வயது, பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி. மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயர் ஆனார். அடுத்த வருடம் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் அத்தியட்சர்கள் இந்தப் புதிய சபையை என்ன செய்வது என்று ஒருமித்துச் சொல்ல முடியாமல் தவித்தார்கள். தாய்ச்சபையோடு உறவு அறுந்தாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரனோடு பந்தி வேண்டும் என்று முடிவெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கல்லறைத் தோட்டத்து கேட்டைப் பூட்டுகிறார்கள்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்விதான். "பட்டம், ஜெபப்புத்தகம் எல்லாம் மனுஷர் ஏற்பாடு. அதில் விட்டுக்கொடுக்கலாம். ஞானஸ்நானம் அப்படியா? பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதும், விசுவாசித்தவன் முழுகி எழுவதும் ஒன்றா? சத்தியத்தில் சமரசம் செய்துவிட்டு என்ன ஒற்றுமை?"

பதில் வடக்கே இருக்கிறது. 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை பிறந்தது. அதில் ஆங்கிலிக்கன்களும் பிரெஸ்பிட்டேரியன்களும் மட்டுமல்ல, பாப்டிஸ்ட்களும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததாலேயே பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் தனியாக வெளியே வந்த அதே மரபினர். ஒரே சபையில் இரண்டு முறையும் இருக்கட்டும் என்று சட்டம் எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் விரும்பினால் குழந்தைக்கு ஞானஸ்நானம், பின்னால் சொந்த அறிக்கையோடு திடப்படுத்தல். விரும்பாவிட்டால் குழந்தையை அர்ப்பணித்துவிட்டு, வளர்ந்தபின் விசுவாச ஞானஸ்நானம். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆகவே "ஒரே சபையில் முடியவே முடியாது" என்பது பொய். "எங்களுக்கு மனமில்லை" என்று சொன்னால் அது உண்மை.

இன்னொரு உறுத்தலான செய்தி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை, அது வேறு சபையில் நடந்திருந்தாலும், ரோமன் கத்தோலிக்க சபை ஏற்றுக்கொள்கிறது. மறுபடி கொடுப்பதில்லை. அதாவது சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருடைய கிறிஸ்தவத்தை ரோமாபுரி அங்கீகரிக்கிறது, இரண்டு தெரு தள்ளி ஷட்டர் போட்ட ஜெபக்கூடம் அங்கீகரிப்பதில்லை. லுத்தர் எதற்காகச் சண்டையைத் தொடங்கினாரோ, அந்த விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தைப் பற்றியே 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 2006-ல் மெதடிஸ்ட்களும், 2017-ல் சீர்திருத்த சபையினரும் சேர்ந்துகொண்டார்கள். சண்டையைத் தொடங்கிய வீட்டுக்காரர்கள் சமாதானம் பேசி முடித்த பிறகும் வாடகைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வேதத்திலிருந்து ஆதாரம் கேட்பவர்கள் ரோமர் பதினாலாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிக்கலாம். மாமிசம் சாப்பிடுகிறவன், காய்கறி மட்டும் சாப்பிடுகிறவன், நாள் பார்க்கிறவன், பார்க்காதவன் என்று அன்றைய ரோமாபுரிச் சபைக்குள்ளேயே நாலு கூட்டம். பவுலுக்குத் தனிப்பட்ட கருத்து இல்லாமலில்லை, இருந்தது. ஆனாலும் அவர் எந்தக் கூட்டத்தையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை. நகை போடுவதும் போடாததும், வெள்ளை உடுத்துவதும் கலர் உடுத்துவதும், பாமாலையை ஆர்கனோடு நின்று பாடுவதும் கைதட்டி டிரம்ஸ் அடித்துப் பாடுவதும், அந்நியபாஷை பேசுவதும் மௌனமாக முழங்காலிடுவதும் இந்தப் பட்டியலில் சேராது என்று எவரால் நிரூபிக்க முடியும்?

பாட்டில் மட்டும் யாரும் சபை பார்ப்பதில்லை என்பது ஆச்சரியம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன் மரபில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தமிழ் வேதாகமத்தைத் திருத்தியவர்களோடு கடுமையாகச் சண்டை போட்டவர். அவர் கீர்த்தனைகளை சி.எஸ்.ஐ. பாடுகிறது, இரட்சணிய சேனை பாடுகிறது, பெந்தெகொஸ்தேயும் பாடுகிறது. பாடல் எழுதியவர் தெளிப்பா முழுக்கா என்று கேட்டு எந்தக் கீதவாத்தியக் குழுவும் தாளம் போடுவதை நிறுத்தியதில்லை. வேலூர் ஆஸ்பத்திரியிலும் அப்படியே. ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த மருத்துவமனை பல சபைகளின் பணத்தாலும் ஆட்களாலும் வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 1969 முதல் சி.எஸ்.ஐ. மாணவர்களும் லுத்தரன் மாணவர்களும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே ஆசிரியரிடம் இறையியல் கற்றுப் போதகர்களாகப் போகிறார்கள். அவர்கள் சபைகள் இரண்டும் இணைவது பற்றிய பேச்சு 1948-லேயே தொடங்கிவிட்டது. உபதேசத்தில் தடையேதும் இல்லை என்று இறையியலாளர்கள் கூடி அறிக்கைகளும் எழுதிவிட்டார்கள். இணையவில்லை. உபதேசத்தில் தடை இல்லையென்றால் வேறு எதில் தடை? சொத்தில், பதவியில், பள்ளிக்கூட நியமனங்களில். இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

"சி.எஸ்.ஐ. மட்டும் ஒழுங்கா? திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி அணியாகப் பிரிந்து கோர்ட்டுக்குப் போகிறார்களே, இதுவா ஒற்றுமை?" என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் கேட்பார்கள். சரியான அடி. வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். சட்டப்படி ஒரே சபையாவதும் ஒருவரையொருவர் ஏற்பதும் ஒன்றல்ல. முதலாவது 1947-ல் நடந்தது. இரண்டாவது ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நண்பர்களும் தங்கள் தெருவை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பாஸ்டரோடு மனஸ்தாபம் வந்தால் அடுத்த மாதம் எதிர்வரிசையில் புதிய போர்டு ஏறுகிறது. கோர்ட்டுக்குப் போகாததற்குக் காரணம் ஒற்றுமை அல்ல, பங்கு கேட்கப் பொதுச் சொத்து இல்லாமல் இருப்பதுதான்.

இனி பேச விரும்பாத விஷயம். ஏற்றுக்கொள்ளுங்கள், வித்தியாசங்களைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று மேடையில் முழங்குபவர்கள் பலரும் ஒரு வித்தியாசத்தை மட்டும் தொடாமல் தாண்டிப் போவார்கள். "நீங்க எந்த சபை?" என்ற கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது பஸ்ஸில் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊர், சபை இரண்டையும் சேர்த்தால் சாதி வந்துவிடும்.

1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகம். இராப்போஜனக் கிண்ணத்தில் யாருக்குப் பின்னால் யார் குடிப்பது என்பதுதான் சண்டை. பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. 1850-ல் சாதிக்கு எதிராகச் சென்னை மிஷனரி மாநாடு எடுத்த நிலைப்பாட்டில் லைப்சிக் மிஷன் மட்டும் சேரவில்லை. ஆக, ஆங்கிலிக்கனிலிருந்து லுத்தரனுக்குப் போனவர்களில் எத்தனை பேர் லுத்தரின் உபதேசத்துக்காகப் போனார்கள்?

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். ஒரே பீடம், ஆனால் சாதிக்கொரு கூடம், நடுவே சுவர். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் கோயில். 1910-ல் காசானெல் சுவாமியார் சுவரை இடித்தார். இடித்தது தவறு என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுவர் திரும்பி வரவில்லை. சுவர் போனால் பகையும் போய்விடுமா என்ன? 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே ஆர்.சி. விசுவாசத்தைச் சேர்ந்த வன்னியர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே, தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே ஞானஸ்நானத்தில் வித்தியாசம் இல்லை, நற்கருணையில் வித்தியாசம் இல்லை, உபதேசத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. எல்லாம் ஒன்று. சவ ஊர்வலம் போகும் பாதை மட்டும் வேறு.

எனவே "எல்லா வித்தியாசங்களையும் ஏற்போம்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது ஆபத்து. தண்ணீர் தெளிப்பதா முழுகுவதா என்பது நம்பிக்கையின் வித்தியாசம். அதைச் சகிக்கலாம், சகிக்க வேண்டும். என் வீட்டுப் பிணம் போகும் வழியில் உன் வீட்டுப் பிணம் போகக்கூடாது என்பது நம்பிக்கை அல்ல. அதைச் சகிப்பவர்களை ஒற்றுமைவாதிகள் என்று சொல்லக்கூடாது. ஆனால் தமிழ்நாட்டுச் சபைகளில் நடப்பது நேர் தலைகீழ். சகிக்க வேண்டியதற்காகச் சபையைப் பிளக்கிறார்கள். பிளந்தாவது எதிர்க்க வேண்டியதை, "சபையின் சமாதானம் கெடக்கூடாது" என்று சொல்லி மூடி வைக்கிறார்கள். முழுக்கு எடுத்த பெண்ணுக்கு ஓலை வாசிக்க மறுக்கிற அதே கமிட்டியில், சாதி பார்த்துப் பெண் எடுத்தவர்தான் பொருளாளர். அவருக்கு ஓலை வாசிப்பதில் யாருக்கும் எந்த மனச்சாட்சிச் சிக்கலும் வந்ததில்லை.

நந்தியால் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1947-ல் எல்லாரும் சேர்ந்தபோது ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பெரும்பகுதியினர் சேர மறுத்தார்கள். அத்தியட்சர் கை படாத போதகரிடம் அப்பம் வாங்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. இடையில் எத்தனையோ கசப்புகள். ஆனால் கதவு சாத்தப்படவில்லை. 1975-ல் நந்தியால் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தது. இருபத்தெட்டு வருடம் தாமதமாக.

அந்தக் காலத்துக்காரர்கள் லாம்பெத்தோடும் லண்டனோடும் மல்லுக்கட்டிச் செய்ததில் நூறில் ஒரு பங்கு வேலைகூட இன்று உள்ளூரில் செய்ய வேண்டியதில்லை. பக்கத்துச் சபையில் பெற்ற ஞானஸ்நானச் சீட்டை ஏற்று ஓலை வாசிக்க ஒரு தீர்மானம் போதும். வேறு சபையார் வந்தால் அப்பத்தட்டை அவர்களைத் தாண்டிக் கொண்டுபோகாமல் இருக்க ஒரு பார்வை போதும். கல்லறைத் தோட்டத்துக்கு அதுவும் வேண்டாம். சாவி கமிட்டி செயலர் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில்தான் தொங்குகிறது. கேட்டு வருபவரிடம் எடுத்துக் கொடுத்தால் ஆயிற்று. கொடுக்கும்போது எந்த சபை, எந்தத் தெரு என்று கேட்காமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.